வீட்டுத் தோட்டத்தில் காகம், அணில், பல்லி தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே, ஏன்?

எட்டு மாதமாகக் காலையும் மாலையும் தோட்டத்தைச் சுற்றி வந்தும் காகம், அணில், பல்லி தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை என்றும், பிறர் தங்கள் தோட்டத்தில் ஆந்தையையும் கீரியையும் கண்டதாகச் சொல்கிறார்களே, என் தோட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றும், தொலைநோக்கியோ கேமராவோ வாங்க வேண்டுமா என்றும், மதிலோரம் இருக்கும் வளை பாம்பினுடையதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: கண்ணில் படாததை இல்லை என்று கொள்ளலாமா என்பது. விலங்கியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரினக் கணக்கெடுப்பு வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், கொள்ள வேண்டாம். தோட்டத்து உயிர்களில் பெரும்பாலானவற்றை நாம் நேரில் பார்ப்பதில்லை. அவை விட்டுச்சென்ற வேலையைத்தான் முதலில் பார்க்கிறோம். அந்த வேலை எங்கே நடக்கிறது, எந்நேரம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே போய்க் காத்திருந்தால் வேலை செய்தவரும் ஒருநாள் அகப்படுவார்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் புறப்பகுதியில் ஜெனிபர் ஓவன் என்ற உயிரியலாளர் தம் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பதிவுசெய்தார். அது காடோ பண்ணையோ அன்று. புல்தரையும் பூச்செடியும் காய்கறிப் பாத்தியும் கொண்ட சாதாரணத் தோட்டம். அதில் அவர் கண்டறிந்தவை 2,673 இனங்கள். இதில் 474 செடிகொடிகள், 1,997 பூச்சிகள், 138 பிற முதுகெலும்பில்லா உயிர்கள். பறவை, பாலூட்டி, தவளை என முதுகெலும்புள்ளவை அனைத்தும் சேர்ந்து 64 மட்டுமே. உங்கள் காகம், அணில், பல்லி மூன்றும் அந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். நாற்பதில் ஒரு பங்கு கூட இல்லாத பிரிவை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஆனால் ஓவனுடைய எண்ணிக்கையை அப்படியே உங்கள் தோட்டத்துக்குப் பொருத்தவும் கூடாது. அவர் பூச்சிகளைப் பிடிக்கக் கூடாரம் போன்ற வலைப்பொறியை வைத்திருந்தார். பிடிபட்டவற்றில் பலவற்றை நுண்ணோக்கி கொண்டு அடையாளம் காண வேண்டியிருந்தது. வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு அத்தனையும் கிடைக்காது. சில நூறு இனங்கள் கிடைக்கும் என்று நம்பித் தொடங்கலாம்.

அடுத்தது, நீங்கள் சுற்றி வருகிறீர்கள் என்பது. நடப்பவருக்குத் தோட்டம் தன்னைக் காட்டாது. காலடி அதிர்வு மண்ணில் பரவியதும் அரணை சருகுக்குள் நழுவிவிடும். உங்கள் நிழல் விழுந்ததும் வெட்டுக்கிளி தண்டின் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். நீங்கள் ஒரு மூலைக்கு வரும்போது அங்கே இருந்தவை எல்லாம் அடுத்த மூலைக்குப் போயிருக்கும். நாற்காலியைப் போட்டுச் சுவரிலோ மரத்திலோ முதுகு சாய்த்து உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலானோர் எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் அசையாமல் இருந்தால், இருபதாவது நிமிடத்தில் தோட்டம் உங்களை மறக்கத் தொடங்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது உட்காருவதாகாது, கை அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தொடர்ந்து பத்து நாள் அமர்ந்தவருக்குத் தெரிவது, பத்து இடத்தில் ஒவ்வொரு நாள் அமர்ந்தவருக்குத் தெரியாது; ஏனென்றால் வழக்கமானது எது என்று தெரிந்தால்தான் அன்றைக்குப் புதிதாக வந்தது எது என்று உறைக்கும்.

நேரமும் முக்கியம். பறவைகளுக்குப் பொழுது விடிந்ததும் வரும் முதல் இரண்டு மணி நேரம். வண்ணத்துப்பூச்சிகள் உடல் சூடேறிய பிறகே பறக்கும் என்பதால் வெயில் நன்றாக ஏறிய முற்பகல். ஓணானும் அரணையும் வெயில் காய வரும் நேரமும் அதுவே. தவளை, தேரைக்கு மழை பெய்த இரவு. மாலை என்று நீங்கள் சொன்னது ஐந்து மணியாக இருந்தால் அது இரண்டும் கெட்டான் நேரம். பகலில் திரிபவை அடங்கத் தொடங்கியிருக்கும், இரவில் திரிபவை இன்னும் எழுந்திருக்காது. இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்தால் வௌவால் வந்திருக்கும்.

இனித் தடயங்களுக்கு வருகிறேன். இங்கேதான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ரோஜா இலையின் ஓரத்தில் நகவெட்டியால் வெட்டியதைப் போல வழுவழுப்பான விளிம்புடன் அரைவட்டங்கள் காணப்பட்டால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை என்று தயங்காமல் சொல்லலாம். புழு தின்ற இலை அப்படி இராது. விளிம்பு கரடுமுரடாக, பல்பல்லாக இருக்கும். இந்தத் தேனீ இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துபோய், மூங்கில் துளையிலோ சுவர் ஓட்டையிலோ முட்டையிடும் அறைக்குச் சுவராக வைக்கிறது. வெட்டு புதிதாக இருந்தால், அதாவது விளிம்பு இன்னும் பழுப்பேறாமல் இருந்தால், வெயில் நேரத்தில் அந்தச் செடிக்கு எதிரே உட்காருங்கள். வெட்டி முடிப்பதற்குச் சில நொடிகளே ஆகும். துண்டு அறுந்து விழுவதற்குள் சிறகடிக்கத் தொடங்கிவிடும் அதன் முன்யோசனையைப் பார்ப்பதற்கே உட்காரலாம்.

நந்தியாவட்டைச் செடி இருக்கிறதா? இருந்தால் இலையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். செடியின் அடியில் மிளகளவில், நீளவாக்கில் வரியோடிய உருண்டைகள் சிதறிக் கிடந்தால் மேலே பெரிய புழு ஒன்று இருக்கிறது என்று பொருள். பச்சையாக ஈரமாக இருந்தால் இன்றையது, கறுத்து இறுகியிருந்தால் பழையது. அவற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளில் எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அங்கிருந்து நேர்மேலாகக் கண்ணை ஏற்றுங்கள். முதலில் காம்புகளும் இலைகளும்தான் தெரியும். காம்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகத் தோன்றும். பிறகு அந்தக் காம்புக்குப் பக்கவாட்டில் வெள்ளைக்கோடு ஓடுவதும், தலைக்குச் சற்றுப் பின்னால் நீலக் கண்களைப் போல இரண்டு புள்ளிகள் இருப்பதும் தெரியும். உங்கள் விரல் நீளமுள்ள அரளி அந்துப்பூச்சியின் புழு அது. இத்தனை பெரியதை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். இருபது ஆண்டு கழிந்தும் தோன்றுகிறது. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் இதைவிட எளிய வேட்டை உண்டு. இலைமேல் பறவை எச்சம் போலக் கிடப்பதை ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற உறுப்பு சட்டென்று வெளியே வந்து ஒருவித நெடி அடித்தால் அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு.

பறவைகளைப் பார்ப்பதைவிட அவை பேசுவதைக் கேட்பது பலன் தரும். தவிட்டுக்குருவியும் தையல்சிட்டும் கரிச்சானும் ஒரே கிளையைச் சுற்றிக் கூடிக் கத்தினால், அணில் வாலைச் சொடுக்கிச் சொடுக்கி ஒரே தாளத்தில் கத்திக்கொண்டே இருந்தால், அங்கே அவற்றுக்கு வேண்டாத விருந்தாளி ஒருவர் இருக்கிறார்: ஆந்தை, பாம்பு, பூனை இவற்றுள் ஒன்று. நான் குடியிருந்த வீடொன்றில் வாசல் மரத்தடியில் இரண்டு ஆண்டுகள் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் இப்படிக் கூச்சல் எழுந்தபோது அண்ணாந்து பார்த்தேன். மரப்பட்டையின் நிறத்திலேயே இருந்த புள்ளி ஆந்தை ஒன்று பொந்தின் வாயில் அமர்ந்து, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அதன் எச்சத்தின் வெள்ளைத் தீற்றல்கள் அடிமரத்தில் வழிந்திருந்ததையும் அன்றுதான் கண்டேன். அதுவரை அவற்றைச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன். ஆந்தை இருக்கும் மரத்தடியில் எலும்பும் மயிரும் பூச்சி ஓடும் கலந்த உலர்ந்த உருண்டைகளும் கிடக்கும். செரிக்காதவற்றை அது வாய்வழியே கக்கிய உருண்டைகள் அவை. கூச்சலைக் கேட்டு வேண்டாத விருந்தாளி உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பாதி நேரம் அது பக்கத்து வீட்டுப் பூனைதான்.

இரவில் கைவிளக்கை இடுப்பருகே பிடிக்காமல் பொட்டருகே, கண்ணுக்கு இணையாகப் பிடித்துப் புல்தரையைப் பாருங்கள். வைரப்பொடி தூவியதைப் போலச் சிறுசிறு பச்சை ஒளிகள் மின்னும். பனித்துளி என்றால் தலையை அசைக்கும்போது நிறம் மாறி மின்னி மறையும். நிலைத்து நின்று உங்களையே பார்ப்பவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். விலங்குகளின் கண்ணுக்குள் இருக்கும் எதிரொளிக்கும் படலம் வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விளக்கு உங்கள் கண்ணை ஒட்டி இருந்தால்தான் அது தெரியும். புறஊதாக் கைவிளக்கு கிடைத்தால் மதில் இடுக்குகளைப் பாருங்கள். தேள் இருந்தால் நீலப்பச்சையாக ஒளிரும். அண்மையில் தோலுரித்தது ஒளிராது என்பதால், ஒளிர்வது தேள்தான் என்று நம்பலாமே ஒழிய, ஒளிராத இடத்தில் தேளே இல்லை என்று நம்பி வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளைத் துணியைக் கட்டி முன்னே விளக்கு வைத்தால் போதும். நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான இரவு சிறந்தது. இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை விட்டுவைத்தால் துணியில் ஒட்டியிருப்பவை அத்தனையும் கரிச்சானுக்குப் பந்தியாகும்.

பாலூட்டிகள் விஷயத்தில்தான் நாம் அதிகம் தவறு செய்கிறோம். காலடித் தடத்தில் விரல்கள் நான்காக இருந்து நகக்குறி இல்லையென்றால் பூனை. நகக்குறி இருந்தால் நாயாக இருக்கலாம். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்கள் உண்டு, ஆனால் ஐந்தாவது எல்லா மண்ணிலும் பதிவதில்லை, ஆகவே நான்கு விரல் தெரிகிறது என்பதற்காகக் கீரியைத் தள்ளிவிட முடியாது. எலிக்கு முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. சலித்த மணலைத் தட்டொன்றில் மெல்லிய படலமாகப் பரப்பி மதிலோரம் வைத்தால் தடம் தெளிவாகக் கிடைக்கும். எச்சத்தில் பல்லியினுடையதை முனையில் இருக்கும் வெள்ளைப் பொட்டைக் கொண்டு சொல்லிவிடலாம். எலிப் புழுக்கை போலத் தோன்றுவதைக் குச்சியால் அழுத்தும்போது பொடிந்து, பொடியில் பூச்சிச் சிறகின் மினுக்கம் தெரிந்தால் அது பூச்சி தின்னும் வௌவாலினுடையது. எலியினுடையது அப்படிப் பொடியாது. கையால் தொட வேண்டாம், மூடிய இடத்தில் கிளறவும் வேண்டாம். மொட்டைமாடியிலோ மதில் உச்சியிலோ பழக்கொட்டைகள் முழுசாக நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் என்று ஊகிக்கலாம். பாதி தின்ற பழத்தை வைத்து மட்டும் ஆளைச் சொல்லாதீர்கள். நண்பர் வீட்டுக் கொய்யா மரத்தடியில் கிடந்த பழங்களைப் பார்த்து வௌவால் என்று நான் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னேன். கேமரா வைத்தபோது, இரவில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தையே காலையில் அணில் உட்கார்ந்து தின்றது தெரிந்தது. நான் பார்த்த பல்தடம் அணிலுடையது, முடிவு மட்டும் வௌவாலைப் பற்றியது. விடை தற்செயலாகச் சரியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

கருவிகளைப் பற்றி: இப்போதைக்கு வாங்க வேண்டியது பத்து மடங்கு பெருக்கும் சிறு கைலென்ஸ் ஒன்றுதான். தொலைநோக்கி வாங்குவதென்றால் 8×42 என்று குறிக்கப்பட்டது நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். தோட்டத்துக்கு அதைவிட முக்கியம், இரண்டு மீட்டருக்குள் இருப்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறதா என்பது, இல்லையென்றால் பக்கத்துச் செடியில் இருக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கப் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும். தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துக் கண்வைக்கும் பக்கத்தைப் பூச்சிக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதுவே நல்ல உருப்பெருக்கியாகும். தானியங்கிக் கேமரா உடல்வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து படமெடுப்பது. ஆகவே பாலூட்டிக்கும் பறவைக்கும் உதவும். பாம்பு, தவளை, பூச்சியைப் பெரும்பாலும் தவறவிடும். கொதிக்கும் நண்பகலில் பாலூட்டியையே தவறவிடக்கூடும். அதில் படம் விழவில்லை என்பது எதற்கும் சான்றன்று.

பார்த்ததை இன்னதென்று அறிய ஐ-நேச்சுரலிஸ்ட், பார்த்த பறவைகளைப் பதிவுசெய்ய இ-பேர்ட் போன்ற இணையத் தளங்கள் உள்ளன. படத்தைப் பார்த்துச் செயலி சொல்லும் பெயரைக் குடும்பம், பேரினம் அளவில் பெரும்பாலும் நம்பலாம். இனத்தின் பெயரை அதே உறுதியோடு எழுதிவிடாதீர்கள். பல ஈக்களையும் வண்டுகளையும் உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் நிபுணரே பிரித்துச் சொல்ல முடியாது. "ஏதோ ஒரு குளவி, கறுப்பு, மஞ்சள் இடுப்பு, மண் உருட்டிக்கொண்டிருந்தது, காலை பத்தரை" என்ற குறிப்பு, தவறான அறிவியல் பெயரைவிட மதிப்புள்ளது. கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். புரட்டும்போது கல்லின் மறுவிளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்கினால், அடியில் இருப்பதற்கும் உங்களுக்கும் நடுவே கல் இருக்கும். கூட்டில் குஞ்சு இருந்தால் அருகே போகாதீர்கள். நீங்கள் தினமும் எட்டிப் பார்க்கும் இடத்தைக் காகமும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

பாம்பைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். உரித்த சட்டை கிடைத்தால் பாம்பு வந்துபோனது உறுதி. ஆனால் உரியும்போது சட்டை இழுபட்டு நீளும் என்பதால் அதன் நீளத்தைப் பாம்பின் நீளமாகக் கொள்ளக் கூடாது. உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, நிறம் வெளிறிப் போயிருப்பதால் பாம்பின் வகையைச் சொல்வதும் கடினம், தலைப்பகுதியும் செதில் வரிசைகளும் முழுமையாக இருந்தால் பழகியவர் முயலலாம். நேரில் கண்டாலும் நிலைமை பெரிதும் மேலானதன்று. கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டைகள் வால்பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். நஞ்சற்ற ஓநாய்ப்பாம்புக்குப் பெரும்பாலும் தலைப்பக்கம் தெளிவு, வால்பக்கம் மங்கல். இதைப் படித்துவிட்டு இரவில் விளக்கொளியில் பட்டையை ஆராய்ந்து முடிவெடுக்க முனையாதீர்கள். நானும் முனைவதில்லை. விலகி நின்று போகவிடுவதே சரி. வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறையினரையோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவரையோ அழையுங்கள்.

உங்கள் மதிலோர வளைக்கு வருகிறேன். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததாம் என்பார்கள். பெரும்பாலான பாம்புகள் தாமாக வளை தோண்டுவதில்லை என்பதே அதன் விலங்கியல். ஆகவே அதைத் தோண்டியது எலியோ பெருச்சாளியோ வேறெதுவோ ஆகலாம். இப்போது குடியிருப்பவர் தோண்டியவராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வளையின் அளவு உள்ளே நுழைய முடியாதவர் யார் என்பதை மட்டும் சொல்லும், உள்ளே இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது. வாயில் சிலந்தி வலை குறுக்கே ஓடியிருந்து சருகும் தேங்கியிருந்தால் அண்மையில் யாரும் போய்வரவில்லை. விளிம்பு வழவழப்பாகி, முன்னே புதுமண் குவிந்திருந்தால் ஆள் இருக்கிறார். இரண்டும் இல்லையென்றால், பகல் வெளிச்சத்தில் நீண்ட கழியின் முனையால் வாயின் குறுக்கே நாலைந்து ஈர்க்குச்சிகளைத் தளர்வாக நிறுத்தி, முன்னே சலித்த மணலைத் தூவி விட்டு வாருங்கள். மறுநாள் விடிந்ததும் தொலைவிலிருந்தே பாருங்கள். ஈர்க்குச்சி வெளிப்புறம் சாய்ந்து, மணலில் விரல்தடம் இருந்தால் எலியோ கீரியோ. விரல்தடமே இல்லாமல் வழுவழுப்பான ஒற்றைத் தடம் வளைந்து போயிருந்தால் பாம்பு என்று கொள்ளலாம். ஒரு நாள் குச்சி அசையவில்லை என்பதால் வளை காலி என்று எழுதிவிடாதீர்கள். இரை விழுங்கிய பாம்பு நாட்கணக்கில் வெளியே வராது. இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்துவிட்டுத் தேதியோடு எழுதுங்கள், தடத்தின் படம் எடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் நாணயம் ஒன்றைக் கழியால் தள்ளி வையுங்கள்.